நடுக்குவாதம்: இது ஆருடைய துண்டு?

களுவாஞ்சிக்குடியில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர் என் பெரியப்பா. கிளினிக்கில் கொடுத்த துண்டில் அவருக்கு "நடுக்குவாதம்" என்று எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "எனக்கு நடுக்கமும் இல்ல, வாதமும் இல்ல. இது வேற ஆர்ரயோ துண்டு" என்று மடித்து வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. கை நடுங்கவே இல்லை. சட்டைப் பொத்தான் பூட்டத்தான் இருபது நிமிஷம் போனது. கையெழுத்தும் வரவரக் கடுகாய்ச் சிறுத்து, பென்சன் எடுக்கப்போன இடத்தில் ஒப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

சொல்லின் கதை சின்னது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் 1817இல், ஆறு பேரைக் கவனித்து எழுதிய சிறு நூலில், நடுங்குகிற வாதம் என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தார். நம்மவர் தமிழாக்கியது அதைத்தான். ஆனால் எல்லா நோயாளிக்கும் நடுக்கம் வருவதில்லை, இது உண்மையான வாதமும் இல்லை என்று கண்ட பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ, அந்த நூற்றாண்டிலேயே அந்தப் பெயரைத் தள்ளிவிட்டுப் பார்க்கின்சனின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார். அவர்கள் கழற்றி எறிந்த சட்டையை நாம் இன்னும் தோய்த்து உடுத்துகிறோம்.

"தமிழ்ச் சொல் இருக்க வெள்ளைக்காரன் பெயர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, வாதம் எந்த ஊர்த் தமிழ்? அது வடமொழி. தூய்மையும் போச்சு, தெளிவும் போச்சு.

முதலில் நடுக்கத்தைப் பார்ப்போம். இந்த நோயைக் கண்டுபிடிக்க வைத்தியர் தேடும் முதல் அடையாளம் அசைவின் மந்தம். அதோடு விறைப்பும், நடுக்கமும் சேரலாம். நடுக்கம் வந்தாலும், மடியில் சும்மா கிடக்கும் கையில்தான் கூடுதலாகத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் கை ஆடினால் அது பெரும்பாலும் வேறு நோய். அந்தப் பெயர் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது.

வாதம் இன்னும் மோசம். மட்டக்களப்பில் வாதம் என்றால் பாரிசவாதம்தான். உடனே எண்ணெய் பூசி உருவ ஆள் தேடுவார்கள். பெரியப்பாவுக்கும் இரண்டு மாதம் உருவினார்கள். மூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் வரும் நோய்க்கு முழங்காலில் எண்ணெய் பூசி என்ன செய்ய? பிறகுதான் லெவோடோபா குளிசை. அது மூளைக்குள் போய் டோபமினாக மாறும். நோயை மாற்றாது, மந்தத்தையும் விறைப்பையும் தணிக்கும். மீன் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் சரியாக ஏறாது. அதனால் அவர் சோற்றுக்கு அரைமணி முன்னமே போடுகிறார். பொத்தான் இப்போது ஐந்து நிமிஷம்.

ஆகவே, பார்க்கின்சன் நோய். அவ்வளவுதான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்தில் முன்நின்ற மண் இது. புதுச்சொல்லுக்கு நான் எதிரி இல்லை. "மருந்துப்போலி" எவ்வளவு அழகான சொல்! மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இராது. விளக்கமே தேவையில்லை.

ஆனால் அந்தச் சொல் வந்த தாளிலேயே அடுத்த கூத்து. புது மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். சம்மதப் படிவத்தின் தலைப்பு "மருத்துவப் பரிசோதனை". நமக்குப் பரிசோதனை என்றால் இரத்தம், சலம். "மருந்தாய்வு" என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? தனக்கு மருந்துப்போலியும் கிடைக்கலாம், விரும்பினால் எப்போதும் விலகலாம், விலகினாலும் வழமையான சிகிச்சை நிற்காது என்பதெல்லாம் உள்ளே இரண்டாம் பக்கத்தில். தலைப்பைத் தாண்டி ஆர் வாசிக்கிறது?

பெரியப்பா அன்றைக்குத் தேத்தண்ணியும் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.