நெப்பந்திஸ்: கெண்டியா குடுவையா, செடியா கொடியா?

நெப்பந்திஸ் எண்டது இலை நுனியில குடுவை தொங்குற, பூச்சி பிடிச்சுத் தின்னுற தாவரம். பேர் கிரேக்கம். 'நே' எண்டா இல்லை, 'பெந்தோஸ்' எண்டா துக்கம். ஹோமரின்ர ஒடிசி காவியத்தில ஹெலன் வைனுக்குள்ள கலந்து குடுக்கிற, கவலையை மறக்கப்பண்ணுற மருந்துக்குத்தான் முதல்ல இந்தப் பேர், அதை 1737இல லின்னேயஸ் எண்ட தாவரவியல்காரர் இந்தத் தாவரத்துக்கு வைச்சார், குடுவைத் தண்ணியைக் குடிச்சா கவலை போகும் எண்டு இல்லை, நெடுந்தூரம் அலைஞ்சு வாற தாவரவியல்காரர் இதைக் கண்டா பட்ட பாடெல்லாம் மறந்துபோவார் எண்டு. 1753இல அவர் பேரிட்ட நெப்பந்திஸ் டிஸ்டிலட்டோரியா எங்கட இலங்கைக்கே உரியது. சிங்கராஜாக் காடு மாதிரி தென்மேற்கு ஈரப் பக்கம்தான் கிடக்கு, வன்னிக் காடு முழுக்கத் தேடினாலும் அம்பிடாது. சிங்களத்தில பாந்துரா.

தமிழ்ல கெண்டித் தாவரம் எண்டும் சொல்லுவினம், குடுவைத் தாவரம் எண்டும் சொல்லுவினம். கெண்டிக்கு மூக்கு இருக்கோணும், இதுக்கு எங்க மூக்கு? அதால குடுவைதான் சரி. ஆனா 'செடி' எண்டு முடிக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல, ஏனெண்டா வட அமெரிக்காவில சரசீனியா எண்டு இன்னொண்டு கிடக்கு, நிலத்திலயிருந்து நேரா குழல் மாதிரி எழும்பும், பனிக்காலத்தில உறங்கவும் வேணும், அதுதான் குடுவைச்செடி. நெப்பந்திஸ் வெப்பநாட்டுச் சாமான், ஏறிப் படரும், உறக்கம் தேவையில்லை. குடுவைக்கொடி எண்டா ரெண்டும் குழம்பாது.

குடுவையைப் பூ எண்டு நினைக்கிற சனம் கன. அது இலைதான், நடு நரம்பு நீண்டு, பற்றிப் படருற நூல் மாதிரி 'தந்து' ஆகி, நுனி ஊதிக் குடுவையாகுது. மூடி திறக்க முன்னமே உள்ள தண்ணி ஊறியிருக்கும். பூச்சி விழுந்தா மூடி டப்பெண்டு பூட்டும் எண்டுறது சும்மா கதை, மூடி அசையாது, விளிம்பு வழுக்கும், அவ்வளவுதான்.

இஞ்ச வடக்கில சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, வீசத் தொடங்கினா காத்து காய்ஞ்சு, அந்தத் தந்து நுனி குடுவையாக முன்னமே கருகிப்போகும், அதாலதான் வீட்டுக்குள்ள லைற்றுக்குக் கீழ வளர்க்கிறது. 'குரோ லைற்'றுக்கு வளர்ப்பு விளக்கு எண்டு சொல்லலாம், ஊதா வெளிச்சம் அடிக்கிறதுதான் வேணும் எண்டு இல்லை, 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி ரியூப் ரெண்டு, கொடிக்கு ஒரு அடி மேல, ரைமர் போட்டு 12 இல்லாட்டி 14 மணித்தியாலம், காணும். தாழ்நில இனமா வாங்கினா எங்கட வெக்கை ஒண்டும் செய்யாது, மலைநாட்டு இனத்துக்கு இரவு நல்லாக் குளிரோணும், அதை இஞ்ச விட்டிடுங்கோ.

தண்ணிதான் பிரச்சினை. கேத்திலுக்குள்ள வெள்ளைப்படை பிடிக்கிற கிணத்துத் தண்ணி வேருக்கு ஆகாது, மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ, இல்லாட்டி குடிக்க வாங்குற ஆர்.ஓ தண்ணியில கொஞ்சம் விடுங்கோ. தும்புச்சோறு, அதான் தேங்காய் மட்டைத் துகள், போடுறதெண்டா உப்புப் போக நல்லாக் கழுவி, பேர்லைற் எண்ட வெள்ளைப் பொரிகல் கலந்து போடுங்கோ. மண்ணுக்கு உரம் வேண்டாம்.

வாங்கப் போனா மட்டும் குடுவைக்கொடி எண்டு கேட்டு நிக்காதேங்கோ, கடைக்காரருக்கு விளங்காது, நெப்பந்திஸ் எண்டே கேளுங்கோ. காட்டில இருந்து பிடுங்கின பாந்துரா எண்டு ஆராவது நீட்டினா வாங்கவே வேண்டாம்.