படைவினைஞர்: ‘போர்ப் பொறியாளர்’ ஏன் பொருந்தாது?

“காலாட்படை போதாததால் பொறியாளர்கள் துப்பாக்கி ஏந்தி நகரைக் காத்தனர்.” இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் ஆவணப்படக் குரல்களிலும் இந்த வாக்கியம் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. படிப்பவர் மனத்தில் எழும் காட்சி என்ன? மேசையில் வரைபடம் விரித்து உட்கார்ந்திருந்த பட்டதாரிகள், வேறு வழியின்றி முதல் முறையாகத் துப்பாக்கியைத் தொடுகிறார்கள். இந்தக் காட்சி முழுக்கத் தவறு. அங்கே போரிட்டவர்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டமும் பெறாத படைவீரர்கள். காலாட்களைப் போலவே துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்கள். அதற்கு மேல் பாலம் கட்டவும், கண்ணிவெடி புதைக்கவும் அகற்றவும், மரம் வீழ்த்திச் சாலையை மறிக்கவும், சுவரைத் தகர்க்கவும் கற்றவர்கள். ஆங்கிலத்தில் ‘காம்பாட் எஞ்சினியர்’ அல்லது ‘சாப்பர்’. ஜெர்மனில் ‘பியோனியர்’. ரஷ்ய மொழியில் ‘சப்யோர்’. தமிழில் இவர்களை என்னவென்று சொல்வது?

முதலில் வேர்கள். ‘சாப்பர்’ பிரெஞ்சு ‘சப்பர்’ வழி வந்தது. அதற்கும் மூலம் இத்தாலிய ‘சப்பா’, அதாவது மண்வெட்டி. கோட்டை மதிலை நோக்கி வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிக்கொண்டு முன்னேறியவர்களுக்கு வெட்டும் கருவியாலேயே பெயர் அமைந்தது. ‘எஞ்சினியர்’ இலத்தீன் ‘இங்கேனியும்’ என்பதிலிருந்து வருகிறது. முதலில் இயல்பான அறிவுத்திறன் என்று பொருள். இடைக்காலத்தில் அத்திறனால் ஆன முற்றுகை எந்திரம் என்று ஆயிற்று. ஆக, எஞ்சினியர் என்றாலே தொடக்கத்தில் படையாள்தான். படை சாராத வேலை செய்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் தம்மைப் பிரித்துக் காட்டத்தான் ‘சிவில் எஞ்சினியர்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். ‘பியோனியர்’ பழைய பிரெஞ்சில் காலாள் என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது. நம் அலுவலகங்களில் வழங்கிய ‘பியூன்’ என்ற சொல்லும் அதே வேரின் கிளை. வேர் இவ்வளவு போதும். தகராறு தமிழாக்கத்தில்தான்.

‘போர்ப் பொறியாளர்’ என்பதை ஆதரிப்பவர்கள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். பொறி என்ற சொல்லுக்குப் போர்த் தொடர்பு பழையது, சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவல் கருவிகளை அடுக்கும்போது ‘வளைவிற் பொறி’யைச் சொல்கிறது, ஆகவே எஞ்சினியர் என்பதன் ஆதிப் பொருளுக்குப் பொறியாளரே நேர் என்கிறார்கள். சொல் வரலாற்றில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சொல் நேற்றைய பொருளில் வாழ்வதில்லை. இன்று பொறியாளர் என்றால் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். முன்னால் ‘போர்’ என்று ஒட்டினாலும் அந்தப் பட்டம் உதிர்வதில்லை. போருக்கு ஆயுதம் வடிவமைக்கும் பொறியாளர் என்றுதான் புரிந்துகொள்ளப்படும். பீரங்கித் தொழிற்சாலையில் வேலை செய்பவரையும் அப்படியே அழைக்கலாம். இரு வேறு மனிதர்களை ஒரு சொல் குறிக்கிறது என்றால் அது கலைச்சொல் ஆகாது.

வேலையின் இயல்பைப் பார்த்தால் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகும். துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் போர்க்களத்தில் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தின் ஒரு சட்டகம் 10 அடி நீளம், 570 பவுண்டு எடை, ஏறக்குறைய 259 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும். இருட்டில், பேச்சில்லாமல், எதிரியின் மோர்ட்டார் (குண்டை மேலே எறிந்து வளைவாக விழச் செய்யும் சிறு பீரங்கி) வீச்சுக்குள் அதைத் தூக்கிச் சென்று முளையடித்துப் பூட்டுவதுதான் இவர்கள் தொழில். அந்தச் சட்டகத்தை வரைந்தவர் பொறியாளர். தூக்கியவருக்கு வேறு பெயர் வேண்டும்.

பெல்ஜியத்தின் செயின்ட் வித் நகரை எடுத்துக்கொள்வோம். 1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென் பகுதியில் ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியது. அமெரிக்க 106ஆவது டிவிஷனின் இரண்டு ரெஜிமென்டுகள் நகருக்குக் கிழக்கே ஷ்னீ ஐஃபெல் மேட்டில் சுற்றி வளைக்கப்பட்டன. டிவிஷன் தலைமையகம் இருந்த செயின்ட் வித்துக்கு வரும் சாலை திறந்து கிடந்தது. 17ஆம் தேதி, 81ஆவது பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாமஸ் ரிக்ஸ், தம் ஆட்களில் எஞ்சியவர்களையும் 168ஆவது பட்டாலியனின் வீரர்களையும் திரட்டி, ஷோன்பெர்க்கிலிருந்து வரும் சாலையை மறித்து ப்ரூமர்பெர்க் மேட்டில் குழி தோண்டி அமர்ந்தார். இரண்டுமே ‘காம்பாட் எஞ்சினியர்’ பட்டாலியன்கள்; படைவினைப் பட்டாலியன்கள் என்று இவற்றைச் சொல்வேன், காரணம் பின்னால் வரும். அன்று பிற்பகல் 7ஆவது கவச டிவிஷன் வந்து சேரத் தொடங்கியது. அதன் பிறகும் அந்த மேட்டைவிட்டு இவர்கள் இறங்கவில்லை. 21ஆம் தேதி இரவில்தான் நகரம் வீழ்ந்தது, ரிக்ஸ் சிறைப்பட்டார்.

இந்த ஐந்து நாள் எதிர்ப்பின் அருமை புரிய, இவர்களிடம் எது இருந்தது, எது இல்லை என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் காலாட்படை பட்டாலியன் ஒன்றில் 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் 6, 60 மில்லிமீட்டர் மோர்ட்டார் 9 உண்டு. படைவினைப் பட்டாலியனில் மோர்ட்டார் ஒன்றுகூட இல்லை. ஆள் எண்ணிக்கையும் குறைவு, 600க்குச் சற்று மேல். மேட்டின் மறுபுறச் சரிவில் கூடும் எதிரியைச் சொந்த ஆயுதத்தால் தொட முடியாது. பீரங்கிப் படையின் கையை எதிர்பார்க்க வேண்டும். ஆனால் மறிப்பு வேலை இவர்களுக்குக் கைவந்தது. டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்துச் சாலையோரம் மறைத்து வைத்து, டாங்கி நெருங்கியதும் குறுக்கே இழுத்து விடுவது அவர்கள் அறிந்த உத்தி. விரைவாகக் குழி தோண்டுவதும் அப்படியே. “பொறியாளர்கள் போரிட்டார்கள்” என்று வியப்பது மட்டும் போதாது. மோர்ட்டார் இல்லாமல் போரிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் வியப்புக்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது ‘முன்னோடி’. இது பொறியாளரைவிட மோசம். ஸ்டாலின்கிராட் பற்றிய எழுத்துகளில் ‘ஜெர்மானிய முன்னோடிப் படையினர்’ என்று வருகிறது. ‘பியோனியர்’ என்பதன் ஆங்கில வடிவமான ‘பயனியர்’ என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை அப்படியே எடுத்து வைத்த வேலை இது. முன்னோடி என்றால் ஒரு துறையில் வழிகாட்டியவர். விடுதலைப் போராட்ட முன்னோடி, அச்சுத் தொழில் முன்னோடி. 1942 நவம்பர் 11 அன்று பாரிக்காடி ஆலைப் பகுதியில் இறக்கப்பட்டவர்களை இந்தச் சொல்லால் சுட்டினால், அவர்கள் எதற்கு முன்னோடிகள் என்ற கேள்விதான் மிஞ்சும். படைக்கு முன்னால் ஓடியவர்கள் என்று சொற்பொருள் பிரித்துச் சமாளிப்பதும் உதவாது. அந்தப் பொருளில் தமிழில் ‘தூசிப்படை’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அது வேறு.

அந்த நவம்பர் தாக்குதலே இந்தச் சொற்குழப்பத்தின் விலையைக் காட்டும். வேறு டிவிஷன்களைச் சேர்ந்த ஐந்து பியோனியர் பட்டாலியன்கள் கொண்டுவரப்பட்டன. அவர்கள் கையில் 3 கிலோ எடையுள்ள கட்டுவெடிகளும் தீயெறி கருவிகளும் இருந்தன. 1935ஆம் ஆண்டு வகைத் தீயெறி கருவி சுமார் 36 கிலோ. அதில் இருந்த எண்ணெய் தொடர்ந்து பீய்ச்சினால் 10 விநாடிக்குத்தான் வரும். ‘கமிசார் வீடு’ என்று ஜெர்மானியர் அழைத்த கட்டடத்துக்குள் நுழைந்தபின் தரையைப் பெயர்த்து, நிலவறையில் இருந்தவர்கள் மேல் வெடிகளைப் போட்டார்கள். இவர்கள் உடைத்துத் திறக்கும் ஆட்கள். திறந்த வழியில் பின்னாலேயே புகுந்து இடத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியவர்கள் காலாட்கள். அந்தக் காலாட்படையோ மாதக்கணக்கான சண்டையில் கரைந்து போயிருந்தது. ஆகவே பியோனியர்களே உடைக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். சேதம் கடுமையாக இருந்தது. வோல்கா கரையில் ஒட்டிக்கொண்டிருந்த சோவியத் 138ஆவது டிவிஷனை அவர்களால் அகற்றவும் முடியவில்லை. இந்தக் காரணகாரியத்தை ‘முன்னோடிகள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? உடைப்பவர் யார், பிடிப்பவர் யார் என்ற வேறுபாட்டில்தான் அந்தத் தோல்வியின் விளக்கமே இருக்கிறது.

‘சுரங்கப் படை’ என்றொரு வழக்கும் உண்டு. ‘சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்ற பழைய பெயரின் பின்பாதிக்கு ஒருகாலத்தில் பொருந்தியிருக்கும். மதிலுக்கு அடியில் குடைந்து வெடிமருந்து வைத்த காலம் அது. இப்போது அந்த வேலை மிகச் சிறு பகுதி. இந்தச் சொல் இன்னொரு கேட்டையும் கூட்டி வருகிறது. நிலத்தடி வழியையும் புதைத்து வைக்கும் வெடியையும் ஆங்கிலம் ‘மைன்’ என்ற ஒரே சொல்லால் சொல்லும். தமிழ் அழகாகப் பிரித்து, முதலாவதைச் சுரங்கம் என்றும் இரண்டாவதைக் கண்ணிவெடி என்றும் வைத்திருக்கிறது. கண்ணி என்பது பறவை பிடிக்கும் சுருக்கு, மிதித்தவன் மாட்டிக்கொள்கிறான். இத்தனை நேர்த்தியான சொல் இருக்கும்போது ‘சுரங்கங்களைப் புதைத்தனர்’ என்றும் ‘சுரங்க வயல்’ என்றும் எழுதுவதை மன்னிக்கவே முடியாது. சுரங்கத்தை எப்படிப் புதைப்பார்கள் என்று எழுதியவர் ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் போதும். மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘சாப்பர்’ என்றே எழுதிவிடலாமே என்பது இன்னொரு கட்சி. அதில் நியாயம் உண்டு. சென்னைக் கோட்டையில் 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய பயனியர்கள் பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆனார்கள்; ‘தம்பி’ என்பது அந்தப் படையினருக்கு இன்றளவும் வழங்கும் செல்லப்பெயர். முள்வேலியைத் தகர்க்க வெடிமருந்து நிரப்பிய குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வேலிக்கு அடியில் தள்ளும் ‘பெங்களூர் டார்பிடோ’வை 1912இல் உருவாக்கிய மெக்ளின்டாக் அந்தப் படையின் அதிகாரிதான். இயற்பெயராக வரும் இடத்தில் ‘சாப்பர்’ இருக்கட்டும். பொதுப்பெயராகப் போதாது. ஜெர்மானியரையும் அமெரிக்கரையும் அப்படி அழைத்தால் பிரித்தானியப் படையின் நிறம் ஒட்டிக்கொள்ளும்.

பொருத்தமான சொல் ‘படைவினைஞர்’. கைவினைஞர் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும் என்பதால் இது விளக்கமில்லாமலே விளங்கும். கைத்தொழில் அறிந்த படையாள். மணிமேகலையில் ‘மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்’ என்று வரும் இடத்தில் வினைஞர் என்போர் தொழில் வல்லவர்கள். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. சங்கப் பாடல்களில் வினை என்பது போரையும் குறிக்கும். வினை முடித்து மீளும் தலைவன் பெரும்பாலும் பாசறையிலிருந்துதான் மீள்கிறான். தொழிலும் போரும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பாலம் கட்டும் அதே கை துப்பாக்கி பிடிப்பதைச் சொல்ல இதைவிடத் தகுதியான சொல் நம்மிடம் இல்லை.

துறையின் பெயருக்கும் ஆளின் பெயருக்கும் வேறுபாடு காட்டவும் இது உதவும். சோவியத் படையில் 1943 முதல் அமைக்கப்பட்ட தாக்குதல் பிரிகேடுகளின் பெயரில் ‘எஞ்சினியர்’, ‘சப்யோர்’ இரண்டும் சேர்ந்தே வரும். மார்பில் எஃகுக் கவசம் அணிந்து கட்டடங்களுக்குள் புகுந்தவர்கள் அவர்கள். பொறியாளர் என்ற ஒற்றைச் சொல்லை வைத்திருப்பவர் இங்கே ‘பொறியாளர்–பொறியாளர் பிரிகேடு’ என்று எழுதி விழிக்க வேண்டியதுதான். துறையைப் பொறியியல் என்றும் ஆளைப் படைவினைஞர் என்றும் கொண்டால் ‘பொறியியல்-படைவினைஞர் தாக்குதல் பிரிகேடு’ என்று தடுமாறாமல் எழுதலாம். பட்டம் பெற்ற அதிகாரி இருந்தால் அவரைப் பொறியாளர் என்று அழைக்கவும் தடையில்லை.

இனி வாக்கிய அமைப்பு. ‘காலாட்படை போலப் போரிட்டனர்’ என்பது பிழை. ‘போல’ என்றால் ஒப்புமை; உண்மையில் அப்படி இல்லை என்று பொருள் தொக்கி நிற்கும். அவர்கள் காலாட்களாகவே போரிட்டார்கள். படைவழக்கில் இது மேலதிகாரியின் கட்டளையால் நடக்கும் மாற்றம். பாலச் சட்டகங்களும் மண் தள்ளும் எந்திரங்களும் லாரிகளும் பின்னால் அனுப்பப்படும். ஆட்கள் அந்தப் பகுதித் தளபதியின் கீழ் முன்வரிசையில் அமர்வார்கள். அந்த நேரம் முதல் சாலை செப்பனிட ஆளில்லை, பாலம் கட்ட ஆளில்லை. அதனால்தான் இதைக் கடைசி வழியாக வைத்திருந்தார்கள். முதலில் காட்டிய வாக்கியத்தை இப்படி எழுதலாம்: “காலாட்படை போதாததால் படைவினைஞர்கள் தம் வேலையை நிறுத்திவிட்டுக் காலாட்களாக முன்வரிசைக்கு அனுப்பப்பட்டனர்.”

நகரச் சண்டையில் இன்னொரு சொல்லும் சீரழிகிறது. தெருவில் இறங்கினால் எந்திரத் துப்பாக்கி விளாசும் என்பதால், ஒட்டிக் கட்டிய வீடுகளின் பொதுச்சுவரை உடைத்து வீட்டுக்கு வீடு உள்ளேயே நகர்வார்கள். 1943 டிசம்பர் 20 முதல் 28 வரை இத்தாலியின் ஓர்டோனாவில் ஜெர்மானியப் பாராசூட் வீரர்களை எதிர்த்துக் கனடியர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். மேல்மாடிச் சுவரில் வெடியைச் சாய்த்து வைத்து, கீழே இறங்கிக் காத்திருந்து, வெடித்ததும் புகை அடங்குமுன் துளை வழியே கைக்குண்டு எறிந்து புகுந்து, மாடியிலிருந்து கீழ்நோக்கி எதிரியை அகற்றிக்கொண்டே இறங்குவது முறை. கீழிருந்து ஏறினால் படியில் கைக்குண்டு உருண்டு வரும். ஆங்கிலத்தில் எலியின் பெயரால் வழங்கும் இதை ‘எலித்துளையிடல்’ என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நுழைவதற்குத் தமிழில் கன்னம் வைத்தல் என்று பெயர். அதற்குரிய கருவி கன்னக்கோல். திருடனுக்கு மட்டுமே உரிய சொல் என்று தயங்கத் தேவையில்லை. ஓர்டோனாவில் கனடியர்கள் வீட்டுக்கு வீடு கன்னம் வைத்துத்தான் முன்னேறினார்கள்.