பேட்டா, டி.ஏ, பயணப்படி: எல்லாத்துக்கும் உள்ள இருக்கறது நெல்லுதான்

ஆஃபீஸ்ல ஒருத்தர் "டி.ஏ வந்துடுச்சா"ன்னு கேட்டா எதைக் கேக்கறார்னே புரியாது. கேம்ப் போய்ட்டு வந்த பயணக் காசும் டி.ஏ, விலைவாசிக்காக சம்பளத்தோட சேர்த்துத் தர்றதும் டி.ஏ, வெளியூர்ல இருந்த நாளுக்கு சாப்பாட்டுக்குத் தர்றதும் டி.ஏ. இங்கிலீஷ்ல எழுதினா பயணக் காசுக்காவது T.A.ன்னு முதல் எழுத்து மாறும், மத்த ரெண்டும் D.A.தான்; தமிழ்ல எழுதினா மூணும் ஒண்ணாயிடுது.

ஆனா தமிழ்ல இதுக்கு சுத்தமா மூணு சொல் இருக்கு: பயணப்படி, அகவிலைப்படி, தினப்படி.

இதுல வர்ற படி, நெல்லு அளக்கிற அதே படிதான். ஒரு நாளைக்கு இவ்ளோன்னு அளந்து தர்றது. திருவீழிமிழலையில பஞ்சம் வந்தப்போ அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் தினமும் குடுத்ததா சொல்ற காசுக்கும் படிக்காசுன்னுதான் பேரு, அதனால இது யாரோ அலுவலகத்துல உக்காந்து புதுசா உருவாக்கின சொல் இல்ல. அகவிலையும் அப்படித்தான், அகராதியில அதுக்கு தானிய விலைன்னு பொருள். "அகவிலை அறியாதவன் துக்கம் அறியான்"னு பழமொழியே இருக்கு.

சரி, டிரைவருங்க, கோர்ட்டு குமாஸ்தாங்க எல்லாம் சொல்ற பேட்டா எங்கேர்ந்து வந்துச்சு? இந்தியாவுல வெள்ளைக்காரங்க புழங்கின சொற்களுக்காக 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, கன்னடத்துல நெல்லைக் குறிக்கிற "பத்த"ங்கிற சொல்லு போர்ச்சுகீசியர் வழியா வெள்ளைக்காரன் வாய்க்குப் போனதா சொல்லுது. கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல இது பெரிய விஷயம், 1766ல கிளைவ் வங்காளத்துல இரட்டை பேட்டாவை நிறுத்தினதும் முங்கேர்ங்கிற ஊர்ல வெள்ளைக்கார ஆபீசருங்களே கும்பலா ராஜினாமா பண்ணி கலகம் பண்ணாங்க. ஆக பேட்டாவுக்குள்ளயும் நெல்லு, படிக்குள்ளயும் நெல்லு, அதனாலதான் பேட்டாவுக்குப் படின்னு எழுதறது அவ்ளோ கச்சிதமா பொருந்துதுன்னு எனக்குத் தோணுது.

 

லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வர மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கிற எல்.டி.சிய மட்டும் படின்னு எழுதாதீங்க. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு தடவை சொந்த ஊருக்கோ, இல்ல ஒரு தடவை சொந்த ஊரு ஒரு தடவை இந்தியாவுல வேற எங்கயாவதோ போய்ட்டு வரலாம், ஆனா போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான் கிடைக்கும், தினப்படி கிடையாது. நாளுக்கு இவ்ளோன்னு அளந்து தராததால அது சலுகைதான், விடுப்புப் பயணச் சலுகை. நிறைய பேர் விடுமுறைப் பயணச் சலுகைன்னு எழுதறாங்க, அதுவும் தப்பு, விடுமுறைங்கறது ஞாயித்துக்கிழமை மாதிரி எல்லாருக்கும் வர்றது, விடுப்பு நாம எழுதிக்குடுத்து வாங்கறது.