ஐந்து நாள் ஊசி போட்டும் கால் அசையவில்லையே?

தையல் மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை என்று வந்தார் அவர். நான்கு நாளாகப் பாதத்தில் மதமதப்பு. பக்கத்து கிளினிக்கில் சத்து ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கால் துள்ளவே இல்லை. இரண்டு வாரம் முன்பு ஏதாவது உடம்புக்கு வந்ததா என்று கேட்டேன். "பேதி ஆச்சு சார், அது அப்பவே சரியாயிடுச்சே" என்றார். என் அறைக்கு நடந்து வந்தவரால் மறுநாள் எழுந்து உட்கார முடியவில்லை.

இதுதான் கில்லன் பாரே என்ற நரம்பு நோய், சுருக்கமாக ஜி.பி.எஸ். பேதியைக் கொடுக்கும் கேம்பைலோபாக்டர் கிருமியின் மேலுறை நம் நரம்பின் மேலுறையைப் போலவே இருக்கும். கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நரம்பையும் அடித்துவிடுகிறது. 2025 ஜனவரியில் புனேயில் ஒரே வட்டாரத்தில் பலருக்கு இது வந்தபோது, தண்ணீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

இதற்குப் போடும் மருந்துதான் ஐ.வி.ஐ.ஜி. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடிகள், அதாவது கிருமியை அடிக்க எதிர்ப்பு சக்தி தயாரிக்கும் புரதங்கள். எதிர்ப்பு சக்தியால் வந்த வினைக்கு, ஊரார் எதிர்ப்பு சக்தியையே கொட்டுவதா? எனக்கே மாணவனாக இருந்தபோது குழப்பமாகத்தான் இருந்தது. அவ்வளவு ஆன்டிபாடி ஒரேயடியாக உள்ளே வந்ததும் செல்களின் வாசல்கள் அடைபடுகின்றன, நரம்பை அடிக்கும் கெட்ட ஆன்டிபாடி சீக்கிரம் அழிகிறது. 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இம்பாக் என்ற மருத்துவர், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்த குழந்தைகளுக்கு இதை ஏற்றியபோது எண்ணிக்கை மடமடவென்று ஏறியது. அங்கே தொடங்கிய பழக்கம் நரம்பு வார்டு வரை வந்துவிட்டது.

அளவு, கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. வழக்கமாக ஐந்து நாளில் பிரித்து ஏற்றுவோம். வெளியே வாங்கினால் லட்சக்கணக்கில் போகும். நகையை அடகு வைக்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். தாமதம் மட்டும் வேண்டாம். கை கால் விழத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன்.

பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் சொட்ட வேண்டும். "சிஸ்டர், கொஞ்சம் வேகமா விடுங்களேன்" என்று கேட்காதீர்கள். தலைவலி, குளிர், காய்ச்சல் பலருக்கு வரும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறுநீரகக் கோளாறோ, முன்பு ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியை எத்தனை மாதம் தள்ளிப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் அவர் மனைவி வராந்தாவில் என்னை மறித்தார். "இவ்ளோ செலவு பண்ணியும் கால் அசையலையே டாக்டர், இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?" இந்தக் கேள்வி வராத குடும்பமே கிடையாது. நரம்பை ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், எலி அதைக் கடித்துவிட்டது. ஐ.வி.ஐ.ஜி. எலியைத்தான் பிடிக்கும்; ஒயரின் உறையை உடம்புதான் தானே கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். உடனே இரண்டாம் முறை போட்டால் பலன் கூடவில்லை, ரத்தம் உறைவது போன்ற ஆபத்துதான் கூடியது என்று 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உதவாது. ரத்தத்தின் பிளாஸ்மாவை வடித்து எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை ஐ.வி.ஐ.ஜி.க்கு நிகரானதுதான், ஆனால் இதை ஏற்றிய கையோடு அதைச் செய்தால் போட்ட மருந்தையே வடித்து வெளியே கொட்டியதாகிவிடும்.

அந்த நாட்களில் நான் காலைவிட மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று காலையும் மாலையும் கேட்பேன். 20ஐத் தொடும் முன்பே இளைத்தால் ஐ.சி.யூ.தான். இவர் 24க்குக் கீழே போகவில்லை.

மூன்றாம் மாதம் கம்பு ஊன்றி வந்தார். பாதத்தில் இன்னும் முழு வலு வரவில்லை. "மிஷினுக்கு மோட்டார் மாட்டிட்டேன் சார், லேசா அழுத்தினா போதும்" என்றார்.