குடவோலையில் வாக்களித்தது யார்?

சோழர் காலம் பற்றிய ஆய்வேடுகளைத் திருத்தும்போது ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘உத்திரமேரூரில் மக்கள் எல்லோரும் ஓலையில் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.’ அடிக்குறிப்பில் ஒரு பொது அறிவு நூல் இருக்கும். அந்த நூலுக்கு ஆதாரம் எது என்று தேடினால் இன்னொரு நூல். கல்வெட்டு வரை யாரும் போயிருக்க மாட்டார்கள்.

சரி, கல்வெட்டு என்ன சொல்கிறது? சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரண்டு கல்வெட்டுகள், காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க, ஊரின் 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். இதுதான் குடவோலை முறை. இது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல. எல்லோருடைய பெயரும் குடத்துக்குள் போகவும் இல்லை. இது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும்.

முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? நல்ல ஆய்வுக் கேள்வி இது. இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குத்தான் இது தோன்றும்.

எல்லோராலும் கல்லெழுத்தைப் படிக்க முடியாது, அச்சிட்ட பாடத்தைத்தான் நம்பியாக வேண்டும். அதில் சதுர அடைப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் பதிப்பாசிரியர் ஊகித்துப் படித்த அல்லது சேர்த்த எழுத்துகள். அவற்றின் மீது மட்டும் ஒரு வாதத்தைக் கட்டாதீர்கள்.

ஒரு நூல் எப்போதும் ஒரே வகைச் சான்றாகவும் இருப்பதில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1935இல் சோழர் வரலாற்றை எழுதினார். சோழர் ஆட்சியை ஆராய்பவருக்கு அது இரண்டாம்நிலைச் சான்று, அதாவது பிற்காலத்தவர் எழுதியது. 1930களின் வரலாற்றாசிரியர்கள் சோழர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய்பவருக்கு அதே நூல் முதன்மைச் சான்று, அதாவது ஆராயும் காலத்திலேயே உருவானது.

அப்புறம், முதன்மைச் சான்று என்பதாலேயே அதில் உள்ளபடி எல்லாம் நடந்தது என்று எழுதிவிடவும் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒரு விதிமுறை; நடந்ததைச் சொல்லும் அறிக்கை அல்ல. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய இன்னின்ன உறவினருக்கும் இடமில்லை என்று ஒவ்வொருவராகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கணக்குக் காட்டாமல் நழுவியவர்கள் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.