"நாப்பது வயசு ஆகலையே" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள்

போன ஆடி மாதம் எங்கள் சட்ட உதவி மையத்துக்கு 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கணவர் கொத்தனார், மாரடைப்பில் போய் ஐந்து மாதம் ஆகிறது, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற வயது. மஞ்சப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, லேமினேஷன் போட்ட ஆதார், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிற நாலு பாஸ்போர்ட் போட்டோ என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். விதவை உதவித்தொகை கேட்டு மூன்று தடவை அலைந்திருக்கிறார். "நாப்பது வயசு ஆகணுமாம் மேடம், ஆறு வருசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க" என்றார். சட்டமே அப்படித்தான் போல என்று நம்பியும் விட்டிருந்தார்.

அவரிடம் சொல்லப்பட்டது பாதி உண்மை. மத்திய அரசின் இந்திரா காந்தி விதவை ஓய்வூதியத்துக்குத்தான் 40 வயது. தமிழ்நாடு அரசே நடத்துகிற ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு 18 வயது நிரம்பியிருந்தால் போதும். மறுமணம் செய்திருக்கக் கூடாது, சொத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வளவுதான். எந்தத் திட்டத்தில் சேர்த்தாலும் கைக்கு வருவது ஒரே தொகை, 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். (முதியோருக்கும் அதே 1,200தான். அதில் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்கு 200 ரூபாய். 2007இலும் 200தான், இன்றும் 200தான். இதை எழுதும்போதே மனசு கொதிக்கிறது.)

இதே குழப்பம் மற்ற திட்டங்களிலும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கு ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி, மாநிலத் திட்டத்துக்கு 40 போதும். கணவர் கைவிட்டுப் போன பெண்களிடம் விவாகரத்துத் தீர்ப்பு கொண்டு வா என்று கேட்கிறார்கள். 30 வயது நிரம்பி, கைவிடப்பட்டு 5 வருடம் ஆகியிருந்தாலே அவர்களுக்குத் தகுதி உண்டு. கல்யாணமே ஆகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதில் தனியாக ஒரு உதவித்தொகை இருப்பது, நான் பார்த்தவரை, அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, இன்னொன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில், சம்பாதிக்கிறவர் 18 வயதுக்கு மேல் 60க்குள் இறந்துவிட்டால், தேசிய குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தடவையாக 20,000 ரூபாய் கிடைக்கும். இயற்கைச் சாவுக்கும் உண்டு. ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணிடம் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதில் பலரும் தவறவிடுவது என்னவென்றால், வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் இறந்தாலும் இந்தப் பணம் உண்டு, ஏனென்றால் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே இல்லத்தரசியையும் குடும்பத்தைத் தாங்குகிறவராகத்தான் கணக்கில் எடுக்கிறது. "அவ என்ன சம்பாதிச்சா, சும்மா வீட்லதான இருந்தா" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மின்னல், வெள்ளம் மாதிரி பேரிடரில் ஒருவர் இறந்தால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் எதனால் இறந்தார் என்பதற்குச் சான்று வேண்டும். வயலில் மின்னல் விழுந்து இறந்தவரை, அறுக்க வேண்டாம் என்று அன்று சாயங்காலமே எரித்துவிட்டு மூன்றாம் மாதம் என்னிடம் வந்த குடும்பம் ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் புகார் இல்லை, பிரேதப் பரிசோதனை இல்லை, எதை வைத்து நான் மனு எழுத? அந்தத் துக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர் சொல்லியே ஆக வேண்டும்.

இனி, திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? வாயால் சொன்ன "கிடைக்காது" ஒரு பதிலே இல்லை. இ-சேவை மையத்தில் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள், அதை ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். மனுவில் திட்டத்தின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். "விதவைப் பணம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் யாரோ ஒருவர் தமக்குத் தெரிந்த திட்டத்தின் விதியைப் பார்த்துத் தள்ளிவிடுவார். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அந்தக் காகிதம் இருந்தால்தான் கோட்டாட்சியரிடமோ கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலோ பேச முடியும். எதற்கும் பதிலே வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, என் மனு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். திட்டத்தின் பெயர், வயது 18 என்கிற விதி, மூன்று தடவை வந்துபோன தேதிகள். மார்கழியில் ஆணை வந்துவிட்டது. 20,000 ரூபாய்க்கான மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது, விட மாட்டோம்.

மனு எழுத ஆள் இல்லையென்றால் 15100க்கு போன் செய்யுங்கள், அல்லது உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானச் சான்றுகூட வேண்டாம், வக்கீல் இலவசம்.