ஓடும் குவாட்டர்பேக்கின் முழங்கால்: ஒரு பிசியோவின் பார்வை

டெக்சஸில் பள்ளி அளவில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பையன்களின் முழங்காலையும் தோள்பட்டையையும் தேற்றி அனுப்புவது என் வேலை. ஏப்ரல் வந்தால் கிளினிக்கில் என்எஃப்எல் டிராஃப்ட் தவிர வேறு பேச்சு இருக்காது. எந்த அணி யாரை எடுக்கும், எந்தக் குவாட்டர்பேக் 40 யார்டை எத்தனை விநாடியில் ஓடினான் என்று பையனும் அப்பாவும் மாறி மாறிச் சொல்வார்கள். "4.4-ல ஓடுறான் சார், இவனை விட்டுட்டு யாரை எடுப்பாங்க?" என்று ஒரு தமிழ் அப்பா கேட்டார். நான் அந்தப் பையனின் முழங்கால் வரலாறு என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சியிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. என்எஃப்எல் என்பது அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக். அதன் 32 அணிகள், கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் குவாட்டர்பேக்.

அவன் ஓடவும் தெரிந்தவனாக இருந்தால் எதிரணிக்கு ஏன் தலைவலி? பந்தை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு அவன் சும்மா நின்றால், தடுக்கும் அணிக்கு ஓர் ஆள் மிச்சம். அவனே பந்தை வைத்துக்கொண்டு ஓடுவான் என்ற பயம் இருந்தால் அந்த மிச்ச ஆள் அவனைக் காவல் காக்கவே சரியாகப் போய்விடும். ரீட் ஆப்ஷன் என்ற ஆட்டமுறையின் சூட்சுமமே இதுதான். ஓரத்தில் ஒரு தடுப்பாளனை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக் குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பான், அல்லது தானே எடுத்துக்கொண்டு பறப்பான். அணிகள் இதற்காகச் சொத்தையே எழுதிக் கொடுக்கத் தயாராக இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்படி எழுதிக் கொடுத்த அணி வாஷிங்டன். 2012 டிராஃப்டில் இரண்டாவது இடத்துக்கு ஏறுவதற்காக, மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தது. வாங்கியது ராபர்ட் கிரிஃபினை. எங்கள் டெக்சஸின் கோப்பரஸ் கோவ் ஊரில் வளர்ந்தவர், பெய்லர் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், 400 மீட்டர் தடை ஓட்டக்காரர். ஆனால் 2009-லேயே பெய்லருக்கு ஆடும்போது வலது முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்து அறுவை சிகிச்சை ஆனவர். வேகத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்பட்டிருக்காது.

ஏ.சி.எல். என்பது முழங்காலுக்கு உள்ளே இருக்கும் ஜவ்வு. நேராக ஓடும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. சடாரென்று நிற்கும்போதும், ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பும்போதும்தான் பாரம் ஏறும். 40 யார்டு ஓட்டத்தில் நிற்பதும் இல்லை, திரும்புவதும் இல்லை. அதனால்தான் அந்த எண்ணை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் முகாமில் கேமரா ஓட்டப் பாதையில் நிற்கும். மறைவான அறைகளில் அணி மருத்துவர்கள் ஒவ்வொரு மூட்டையும் பிடித்து அசைத்துப் பார்ப்பார்கள், எம்ஆர்ஐ எடுப்பார்கள். முகாமே இந்தப் பரிசோதனைக்காகத்தான் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்கள் சொல்வோம்.

முதல் ஆண்டில் கிரிஃபின் ஆடிய ஆட்டத்தை இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கும். 3,200 யார்டு எறிந்தார், 815 யார்டு ஓடினார், சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது வாங்கினார். 2012 டிசம்பர் 9 அன்று பால்டிமோருக்கு எதிராக ஓடி முடிக்கும் நேரத்தில் ஹலோட்டி ங்காட்டா என்ற மலை போன்ற ஆள் மோதி, அதே வலது முழங்கால் பக்கவாட்டில் வளைந்தது. வெளிப்பக்க ஜவ்வில் முதல்நிலைச் சுளுக்கு என்றார்கள். ஒரே ஒரு ஆட்டம் உட்கார்ந்தார். பிறகு முழங்காலைத் தாங்கும் பிரேஸ் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல்நிலைச் சுளுக்கு என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று பெற்றோர்கள் நினைப்பார்கள். தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் கதவில் ஒரு கீல் தளர்ந்தால் கதவின் பாரம் மற்ற கீல்கள் மேல் இறங்கும். இங்கே அடுத்த கீல் ஏற்கெனவே ஒருமுறை மாற்றிப் பொருத்தப்பட்டது. போதாக்குறைக்கு, வீங்கிய முழங்காலைச் சுற்றி முன்தொடைத் தசை தானாகவே அடங்கிப் போகும். மூளை அதற்கு முழு உத்தரவு கொடுக்காது. வலி குறைந்த பிறகும் இது தொடரும். பிரேஸ் பக்கவாட்டு வளைவை ஓரளவு தடுக்குமே தவிர, தூங்கும் தசையை எழுப்பாது.

2013 ஜனவரி 6, சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் வெளியே. மேரிலாந்தில் வாஷிங்டனின் சொந்த மைதானம், புல் பெயர்ந்து கிடந்த தரை. முதல் கால்பகுதியிலேயே கிரிஃபின் நொண்டத் தொடங்கினார். அதைப் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வலிக்கிறதே தவிர காயம் இல்லை, ஜெயிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர் கேட்டதாகப் பயிற்சியாளர் மைக் ஷானஹன் பின்னர் சொன்னார். நான்காவது கால்பகுதியில், தவறி வந்த பந்தைக் குனிந்து எடுக்கப் போகையில், யாரும் தொடாமலே முழங்கால் மடிந்தது. மூன்று நாளில் அறுவை சிகிச்சை: பழைய ஏ.சி.எல். மறுபடி கட்டப்பட்டது, வெளிப்பக்க ஜவ்வு தைக்கப்பட்டது.

ஷானஹனை மட்டும் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 22 வயதுப் பையன் "காயம் இல்லை" என்று சொல்வான். எந்தப் பையனும் சொல்வான், என் மேசையில் படுப்பவர்கள் தினமும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் தப்பு. அதற்குப் பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கே கிரிஃபின் திரும்பிவிடுவார் என்று கோடை முழுக்க விளம்பரம், கொண்டாட்டம். ஜனவரி 9-ல் அறுவை சிகிச்சை, செப்டம்பர் 9-ல் களம். சரியாக எட்டு மாதம். இன்று ஒரு பள்ளி மாணவனைக்கூட ஒன்பது மாதத்துக்கு முன் திருப்பங்கள் நிறைந்த ஆட்டத்துக்கு நான் விட மாட்டேன். இரண்டாவது முறை கட்டிய ஜவ்வென்றால் இன்னும் தள்ளிப்போடுவேன். ஜவ்வு மறுபடி கிழியவில்லை, ஆனால் பழைய கிரிஃபினும் வரவில்லை. 2014 டிசம்பரில் ராம்ஸ் அணி வாஷிங்டனுக்கு வந்தபோது, அந்தப் பேரத்தால் கிடைத்த வீரர்களையே கேப்டன்களாக நாணயச் சுண்டலுக்கு அனுப்பி 24-0 என்று ஜெயித்தது. குசும்புதான்!

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ ஓடும் குவாட்டர்பேக்கே வேண்டாம்" என்று முடிவு கட்டாதீர்கள். டாம் பிராடி 2008-ல் முழங்காலைக் கிழித்துக்கொண்டது நின்று எறியும்போது. ஜோ பர்ரோவுக்கு 2020-ல் நடந்ததும் அப்படியே. எறிபவன் காலை ஊன்றி, கண்ணைத் தூரத்தில் வைத்திருப்பான். எவன் காலில் வந்து விழுகிறான் என்று அவனுக்குத் தெரியாது. ஓடுபவனுக்கு அடி வருவது பெரும்பாலும் தெரியும், உடம்பைத் தயார்படுத்திக்கொள்ள முடியும்.

அந்த ஜனவரி 6 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஆடியவர் ரஸ்ஸல் வில்சன். அதே 2012 டிராஃப்டில் 75-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரும் ஓடினார், 2014-ல் மட்டும் 849 யார்டு. ஆனாலும் 2021 வரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. வில்சன் பேஸ்பால் ஆடி வளர்ந்தவர். சறுக்கி உட்காருவது அவருக்குக் கைவந்த கலை. குவாட்டர்பேக் கால் முன்னே நீட்டிச் சறுக்கினால் அந்த இடத்தில் ஆட்டம் நிற்கும், அவனை அடிக்கக் கூடாது என்பது விதி. சறுக்கத் தெரியாதவனுக்கு அந்த விதியால் பயனில்லை. தாமதமாகச் சறுக்குபவன், சும்மா ஓடுபவனைவிட மோசமாக அடிபடுவான், தலை கீழே இறங்கி இருக்குமே! பள்ளிகளில் எறியக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கலாம். யாரும் ஒதுக்குவதில்லை.

லாமர் ஜாக்சனையும் சொல்ல வேண்டும். 2018-ல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, பால்டிமோர் எடுத்தது. டிராஃப்டுக்கு முன் அவர் 40 யார்டு ஓடவே மறுத்துவிட்டார்! அணி அவருக்கேற்ற ஆட்டமுறையைப் புதிதாக அமைத்தது. 2019-ல் 1,206 யார்டு, குவாட்டர்பேக்குகளில் சாதனை, கூடவே ஒருமனதாக எம்விபி, அதாவது ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. அந்த ஆண்டு அவருக்கு மாற்று வீரராக உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் கிரிஃபின். மறுபக்கம் ஆண்டனி ரிச்சர்ட்சன்: 2023 கம்பைனில் 40.5 அங்குலம் எம்பிக் குதித்துக் குவாட்டர்பேக் சாதனை வைத்தவர், கல்லூரியில் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டங்கள்தான். இண்டியானாபொலிஸ் நான்காவதாக எடுத்தது. முதல் ஆண்டிலேயே தலையில் ஓர் அடி, பிறகு தோள்பட்டைக் காயம், நான்கு ஆட்டங்களோடு அறுவை சிகிச்சை. அடியைத் தவிர்ப்பதும் அனுபவத்தில் வரும் திறமைதான். குதிக்கும் உயரத்தில் அது தெரியாது.

வாஷிங்டன் 2024-ல் மறுபடி இரண்டாவது ஆளாக ஓடும் குவாட்டர்பேக்கை எடுத்தது. ஜேடன் டேனியல்ஸ், முதல் ஆண்டில் 891 யார்டு ஓடிக் கிரிஃபினின் 815-ஐ முறியடித்தார். அடுத்த ஆண்டு முழங்காலிலும் பின்தொடையிலும் காயம் பட்டுத் திரும்பி வந்தவரை, 2025 நவம்பரில் சியாட்டிலுக்கு எதிராக 38-7 என்று ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும் களத்தில் வைத்திருந்தார்கள். இடது முழங்கை பிசகியது. பயிற்சியாளர் டான் க்வின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார், அந்த மட்டில் நல்லது. ஆனால் வெளியே எடுக்கும் முடிவு இன்னமும் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம்தான் இருக்கிறது.

டெக்சஸ் பள்ளிகளில் தலைக்காயத்துக்கு 2011 முதல் சட்டம் இருக்கிறது: சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுதித் தர வேண்டும், பயிற்சியாளர் தானாகத் திருப்பி அனுப்ப முடியாது. முழங்காலுக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே உங்கள் பிள்ளை குவாட்டர்பேக் ஆடுகிறான் என்றால், சீசன் தொடங்கும் முன்பே பள்ளிக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஆட்ட நாளில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் யார்? அவர் வேண்டாம் என்றால் அதை மீற யாருக்காவது அதிகாரம் உண்டா? காயத்துக்குப் பிறகு திரும்பும்போது ஒற்றைக் காலில் குதிக்கவும், ஓடி வந்து நிற்கவும் வைத்து இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களா, அல்லது வலிக்கிறதா என்று அவனையே கேட்டுவிட்டு அனுப்புவார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுபட்டால், அந்தச் சோதனையை வெளியே செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.